பதினோராம் படி

நகரசபைக்கு மதிப்பீடு எழுத வந்தேன்:
படிக்கட்டு ஒன்று, கருங்கல், பத்தொன்பது படி,
கடைசி நான்கும் கடலுக்குள்.
கட்டியவர் ஒகுஸ்த் வெர்திலாக், பிரெஞ்சுக்காரர்.
மிச்சமெல்லாம் கறையான் தின்ற கோப்பு,
ஒரு கூலிக் கணக்கு.

பாரிஸில் பெரும் பரிசுக்கு நாலு தரம் வரைந்தவர்.
நாலு தரமும் வேறு யாரோ ரோமுக்குப் போனார்கள்.
முப்பது வயதானதும் போட்டியின் கதவு சாத்தியது.
பிறகு ஒரு சிறைச்சாலை மதில்,
சர்க்கரை வியாபாரி ஒருவரின் கல்லறை.
ஆயிரத்து எண்ணூற்று அறுபத்தெட்டில்,
வாடை தொடங்கிய கிழமை,
தோல் குழலுக்குள் ஒரு கோபுரத்தைச் சுருட்டிக்கொண்டு
திருகோணமலையில் இறங்கினார்.

நூற்றுப்பன்னிரண்டு அடி, தேவாலயத்துக்கு.
இருபத்தேழாவது அடியில் துறைமுகத் துரை வந்து நின்றார்:
வெள்ளையாய், உயரமாய் எதையும் இங்கே நிறுத்தாதே,
கப்பல்காரன் குறி பிசகிப் பாறையில் ஏறுவான்.
அன்றைய பக்கத்தில் வெர்திலாக் எழுதியது:
"மேசன் வஸ்தியாம்பிள்ளைக்கு அரைநாள் கூலி.
மழை இல்லை."

ஏற்றிய கல்லை இறக்கினார்கள்.
இறக்கிய கல்லை என்ன செய்வது?
மேலே போகத்தானே தடை.
கீழே போவதைப் பற்றித் துரை ஒன்றும் சொல்லவில்லை.
முருகைக்கல் சுட்ட சுண்ணாம்பு, கடுக்காய் நீர்,
கிண்ணியாவிலிருந்து மீராலெப்பையின் வள்ளத்தில் மணல்.
கோபுரம் படுத்துக்கொண்டு
கடலுக்குள் கால் நீட்டியது.

நாடாவைப் பிடிக்கிறேன். படிக்கு ஆறரை அங்குலம்.
மேலிருந்து பதினொன்று மட்டும் ஏழேகால்.
கணக்கில் அதற்கும் ஒரு வரி இருக்கிறது:
"பதினோராவதில் பிழை என்னுடையது.
மேசனின் கூலியில் பிடிக்க வேண்டாம்."
அந்த மாரியில் காய்ச்சல்.
அதற்கடுத்த பக்கத்தில் கையெழுத்து வேறு.

உடைத்துச் சமன் செய்ய எவ்வளவு செலவு
என்று கேட்கிறது படிவம்.
பேனை மூடியைக் கடித்துக்கொண்டு நிற்கிறேன்.
சூடை மீன் பெட்டியைத் தலையில் வைத்தபடி
ஒருத்தி ஏறி வருகிறாள்,
கைபேசியில் யாரையோ திட்டித் தீர்த்துக்கொண்டு.
குனியவில்லை, எண்ணவில்லை.
பதினோராவதில் அவள் கால்
முக்கால் அங்குலம் கூடுதலாக எழும்புகிறது.

பின்னால் வந்த கொழும்புப் பையன்
தடுக்கி, முழங்கால் ஊன்றி,
யாரும் பார்த்தார்களா என்று பார்க்கிறான்.
நான் பார்த்தேன்.

அந்தக் கட்டத்தை வெறுமையாக விட்டேன்.
கீழே எழுதினேன்:
பாசி சுரண்ட இரண்டு ஆள், ஒரு நாள்.
மழை இல்லை.