ஒன்பது போட்டால்

தெமட்டகொடையில் ஆறாம் மாடி. இரவு பதினொன்று.
பக்கத்துக் கதிரையில் நதீகா
யாருடையதோ பித்தப்பையை எண்ணாக்கிக்கொண்டிருக்கிறாள்.
எனக்கு வந்திருப்பது ஒரு முன்னங்கை.

ஒஹாயோவிலோ எங்கோ. ஐம்பத்திரண்டு வயது. ஆண்.
பெயரைக் கறுப்பால் மூடி அனுப்புவார்கள்.
டொக்டர் எழுதியது ஒரேயொரு வரி:
முன்னங்கை உருக்குலைவு, பிறவியில் வந்ததல்ல.
எப்போது, எதனால், எந்தக் கை,
ஒன்றுமில்லை.

பிறவியில் வந்தது, பிறகு வந்தது.
எங்கள் தேசவழமையில் காணிக்கும் இந்தப் பிரிப்புத்தான்:
வழிவழி வந்தால் முதுசம்,
உழைத்துச் சேர்த்தால் தேடியதேட்டம்.
கோணிய எலும்பையும்
இந்த மனுசன் தேடித்தான் சேர்த்திருக்கிறார்.
பிள்ளைகள் பங்கு கேட்க மாட்டார்கள்.

எம் இருபத்தொன்று, புள்ளி, ஒன்பது மூன்று.
கடைசி இலக்கம் ஒன்றென்றால் வலது,
இரண்டென்றால் இடது,
ஒன்பதென்றால், சொல்லப்படவில்லை.
ஒன்பது போட்டால் காப்புறுதிக்காரன் திருப்பி அனுப்புவான்,
சுபர்வைசர் வாகீசன் என் மேசையடியில் வந்து நிற்பான்.
ஊகிக்கலாமா என்று முதல் கிழமையே கேட்டிருக்கிறேன்.
"எழுதாதது நடக்காதது, அக்கா."
டொக்டருக்குக் கேள்வி அனுப்பினேன். அங்கே பகல்.
பதில் இல்லை.

நாலரைக்கு இறங்கினேன். மழை விட்டிருந்தது.
அப்பில் வந்த ஓட்டோ. முனவ்வர், நாலு புள்ளி எட்டு.
பேஸ்லைன் வீதியின் விளக்குகள்
அவருடைய வலது முன்னங்கையைக் காட்டிக் காட்டி மறைத்தன.
மணிக்கட்டுக்கு நாலு விரற்கடை மேலே
உள்நோக்கி ஒரு வளைவு.
அக்சிலேட்டரை முறுக்க முழங்கையே எழும்பவேண்டியிருந்தது.

முறிந்து, பிசகி ஒட்டினது.
அப்படியென்றால் எம் இல்லை, எஸ்;
பழைய முறிவின் எண்ணுக்கே திரும்பிப் போய்
ஏழாம் இடத்தில் ஓர் எழுத்து...
வேலை முடிந்தும் என் விரல்
மடியில் தட்டிக்கொண்டிருந்தது.

எப்படி என்று நான் கேட்கவில்லை.
மரம் என்பார், மோட்டார்சைக்கிள் என்பார்,
அல்லது ஓர் ஆண்டைச் சொல்லிவிட்டு நிறுத்துவார்.
எதற்கும் என்னிடம் எண் இருக்கிறது.

கொட்டாஞ்சேனைச் சந்தியில் வரைபடம் உறைந்துபோனது.
கண்ணாடிக்குள்ளால் பார்த்தார்:
"மிஸ், இடதா வலதா?"

"வலது," என்றேன்.
தேவைக்கு மேல் சத்தமாக.

மிச்சக் காசு நீட்டியபோது
அந்த உள்ளங்கை பாதிதான் மலர்ந்தது;
இருபது ரூபாய்க் குற்றிகள் விளிம்புக்குச் சரிந்தன.
என் கையைக் கீழே பிடித்தேன்.

ஐந்து நட்சத்திரம்.
கருத்து என்ற பெட்டியில்
ஒன்றும் எழுதவில்லை.