பல என்று ஒன்று

கொழிஞ்சாம்பாறையில் நாலு மணிக் காற்று
கணவாய் வழியே வந்து
ஜன்னல் கதவை ஒருமுறை அறைந்துவிட்டுப் போகும்.
கீழே பேக்கரியில், பஃப்ஸ் தீர்ந்துவிட்டது என்று
இரண்டு மொழியில் சொல்லிக்கொண்டிருக்கிறார் பீரான்குட்டி.
என் முன்னால் நாற்பத்தொரு வரி.
ஜிஷ்ணு எழுதிய நிரல்.
தலைப்பு: சின்ன மாற்றம்தான்.

பால் சங்கங்களின் சர்வர்களுக்கு
இரவும் பகலும் நாடி பார்க்கும் கருவி எங்களுடையது.
எந்தச் சங்கம் திணறுகிறது, எத்தனை நொடி,
பச்சையா மஞ்சளா சிவப்பா.
போன வாரம் அந்தத் திரையில்
கொழிஞ்சாம்பாறை இரண்டு வரியாக நின்றது.
கண்ணுக்கு ஒரு வித்தியாசமும் இல்லை.
ஒரு கீபோர்டு கொம்பையும் காலையும் ஒரே குறியாக அனுப்புகிறது,
இன்னொன்று கொம்பைத் தனியாக, காலைத் தனியாக.
பார்ப்பவருக்கு ஓர் ஊர்.
எண்ணுகிற இயந்திரத்துக்கு இரண்டு.

அதைத்தான் சரிசெய்யப் போனான்.
பதினேழாவது வரியில் கத்தி வைத்திருந்தான்:
எழுத்து அல்லாததை எல்லாம் நீக்கு.

கொம்பு எழுத்தல்ல, கால் எழுத்தல்ல,
புள்ளி எழுத்தே அல்ல.
ஓட்டிப் பார்த்தேன்.
கழஞசமபற
என்று திரும்பி வந்தது நான் வாடகை கொடுக்கும் ஊர்,
பல்செட் கழற்றிய வாய் மாதிரி.

அப்புறம் விளையாட்டாக ஒன்றொன்றாகக் கொடுத்தேன்.
பால் கொடுத்தேன். பல என்றது.
பல் கொடுத்தேன். பல.
பலா, பாலை, புல், புலி.
பல, பல, பல, பல.
பல என்பது இவ்வளவு சுலபமாக
ஒன்றாகிப் போய் நான் பார்த்ததில்லை.
தனியாக உட்கார்ந்து சிரித்தேன்.

சிரிப்பு நின்ற இடம் மூங்கில்மடை.
மூங்கில்மடையும் மங்கலமடையும்
மஙகலமட என்று
ஒரே வரியில் போய் உட்கார்ந்துகொண்டன.
மங்கலமடையில் முந்நூறு பேர் ஊற்றுகிறார்கள்,
இமைப்பதற்குள் பதிவாகிவிடும்.
மூங்கில்மடையில் பதினேழு பேர்,
ஆளுக்கு ஒன்பது நொடி.
சராசரி பச்சை.
விடிகாலை ஐந்தேகாலுக்கு
வேலாத்தாள் தூக்குப்போணியோடு நிற்கிறாள்,
பின்னால் பதினாறு பேர்,
அளக்கிற பையன் மெஷின் தலையில் தட்டுகிறான்,
எங்கள் திரையில் எல்லோரும் சுகம்.

சித்தூரிலிருந்து ஜிஷ்ணு கூப்பிட்டான்.
"சேச்சீ, ஒரு குத்தல்லே, போயால் எந்தா?"
அவன் மொழியில் குத்து என்றால் புள்ளி.
என் மொழியில் என்ன என்று சொல்லாமல்
போனை வைத்தேன்.

பிறகு எழுதினேன்.
வரி பதினேழு: உரிக்காதே, கோத்தால் போதும்.
பிரிந்து வந்த கொம்பையும் காலையும்
ஒன்றாக்கும் விதி நூலகத்திலேயே இருக்கிறது, அதைக் கூப்பிடு.
வரி இருபத்து மூன்று: ஒவ்வொரு பதிவுக்கும் இதை ஓட்டுகிறாய்,
நிமிடத்துக்கு நாற்பதாயிரம்.
நாடி பார்க்க வந்தவனுக்கே மூச்சு வாங்கும்.
அதே பெயர் வந்தால் பழைய விடையையே எடுத்துக்கொள்.
வரி முப்பது: மலையாளத்தில் பாலின் கடைசி எழுத்தை
சிலர் ஒரே குறியாக எழுதுகிறார்கள், சிலர் மூன்று துண்டாக,
அதில் ஒரு துண்டு கண்ணுக்கே தெரியாது.
இரண்டும் ஒன்றென்று எந்த விதியும் ஒப்புக்கொள்ளவில்லை.
எனக்கும் தெரியவில்லை. உன் மொழி, நீ சொல்.

அதற்கு மட்டும் பதில் வரவில்லை.
மூன்று புள்ளிகள் துள்ளின, அடங்கின,
மறுபடி துள்ளின.
ஏழு மணிக்குக் கரண்ட் போனது.
வேலந்தாவளம் பஸ் காலியாகப் போகிற சத்தம்.

ஒப்புதல் பட்டனைத் தொடவில்லை.
சோதனைக் கோப்பில் ஒரு வரி மட்டும் நானே சேர்த்தேன்:
புலி, பால் அல்ல.
இன்வெர்ட்டர் முனகிக்கொண்டே அதைச் சேமித்தது.