பத்து நிமிட தூரம்

விடியுமுன்னே மேற்கிலிருந்து வந்துவிட்டது
சுமத்ரா.
இரண்டு மணி நேரத்தில் ஓய்ந்துவிடும் என்றார் பூன் ஹாக்.
படகில் மூன்றில் ஒரு பங்கு அவருடையது.
மழையைப் பற்றியும்
மூன்றில் ஒரு பங்குதான் தெரியும் அவருக்கு.

மணி பதினொன்று.
கெப்பல் துறையில் கயிறுகள் முனகிக்கொண்டிருக்கின்றன.
பக்கத்துப் படகின் பாய்மரத்தில் என்னவோ
டிங் டிங் என்று அடிக்கிறது,
குடிக்க மனமில்லாதவர்
கோப்பியைக் கலக்கிக்கொண்டே இருப்பதுபோல.

ஜூன் விடுமுறைக்கு நான்கு நாள் கடல் என்று
ஆசிரியர் அறை முழுக்கச் சொல்லிவிட்டு வந்தவள் நான்.
முதல் நாள், செயின்ட் ஜான்ஸ் தீவில் ஒரு பூனை
எங்கள் டின் மீனில் பாதியைத் தின்றது.
அன்று மாலையே பம்ப் கோளாறு.
புறப்பட்ட இடத்திலேயே வந்து கட்டிக்கொண்டோம்.

குணசீலன் சீட்டாட்டத்தில் தோற்றுக்கொண்டிருக்கிறார்.
அரை மணிக்கொருமுறை
"என்ன இருந்தாலும் இது விடுமுறை" என்கிறார்,
கூரை ஒழுகும் இடத்தில்
மைலோ டப்பாவை நகர்த்தி வைத்தபடி.

என் இருக்கையிலிருந்து
வளைந்த இரண்டு கண்ணாடிக் கோபுரங்களின் இடைவெளியில்
தெலுக் பிளாங்கா குன்று.
அதன் மேல் எங்கள் புளோக்.
டாக்சியில் பத்து நிமிடம்.
யாரும் அதைச் சொல்லவில்லை.

பறவை பார்க்கக் கொண்டுவந்த தொலைநோக்கியில்
மேலிருந்து எண்ணினேன்:
ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு.
சமையலறை ஜன்னல்.
ஐயோ, கழிகள்!
ஐந்து மூங்கில் கழிகளும் நீட்டியபடியே.
மஞ்சள் சுடிதார், அவர் துண்டுகள், போர்வை உறை,
எல்லாம் கடலுக்கு வந்த எங்களைவிட
அதிகமாக நனைந்து.

அப்போது விளக்கு எரிந்தது
என் வீட்டில்.

திருடன் என்றுதான் முதலில் நினைத்தேன்.
திருடன் வந்து துணி எடுப்பானா?
ஒரு கை நீண்டு கழியை உள்ளே இழுத்தது.
பின்னாலேயே
ஒட்ட வெட்டிய தலை.

யுகன்.
சனிக்கிழமைதான் விடுவார்கள் என்றவன்.
இன்று புதன்.

ஒவ்வொன்றாய்ப் பிழிகிறான்,
ஜன்னலுக்கு வெளியே, இரண்டு முறுக்கு, ஒரு உதறல்,
அச்சாக என்னைப்போலவே.
பத்தொன்பது வருடத்தில்
ஒரு கைக்குட்டையை மடித்ததில்லை அவன்.
எப்போது பார்த்திருப்பான் நான் பிழிவதை?

தொலைநோக்கியை அவரிடம் நீட்டினேன்.
வெகுநேரம் பார்த்தார்.
கையிலிருந்த சீட்டையெல்லாம்
பூன் ஹாக் பார்த்துவிட்டார், அதுகூடத் தெரியவில்லை.
கடைசியில்,
"மூணாவது கழி சொருகுற இடம் ஆடுது.
சாய வேண்டாம்னு சொல்லு அவன்கிட்ட."

எப்படிச் சொல்வது?

கைப்பேசி அதிர்ந்தது.
*அங்க மழையாம்மா?*
லேசா, என்று எழுதினேன். நடுக்கடல்ல இருக்கோம்.
நீ எங்க?

ஜன்னலில் தலை குனிந்தது.
நிமிர்ந்தது.
மறுபடி குனிந்தது.

*முகாம்லதான். சாப்பிட்டேன்.*

காய்ச்சலோ, யாரோடாவது சண்டையோ,
வெறும் விடுப்போ,
இங்கிருந்து பார்த்தால் தெரிவதில்லை அதெல்லாம்.
கடைசிக் கழியையும் எடுத்துவிட்டு
விளக்குக்கு முன்னால் நின்றான்.
எங்கள் பக்கம்தான் பார்த்தான்,
ஆனால் மழையை.

"குறையுது பாருங்க," என்றார் பூன் ஹாக்,
"கூசு தீவு வரைக்குமாவது போலாமா?"

குணசீலன் சீட்டைக் கலைத்து
புதிதாகப் போட்டார்.
பம்ப் இன்னும் சரியாகவில்லை என்றார்.

காலையிலேயே சரியாகிவிட்டது அது.
நான்தான் விளக்குப் பிடித்தேன்.