ஏழாம் நிரல்

'தற்போதைய பயன்பாடு' என்று கேட்கிறது
படிவத்தின் ஏழாம் நிரல்.
நான்கு பெட்டிகள்:
குடியிருப்பு, பயிர்ச்செய்கை, வர்த்தகம், வெறுமை.
எனக்கு முன்னிருந்த காணி உத்தியோகத்தர்
கடைசிப் பெட்டியில் பென்சிலால் ஒரு கோடு போட்டுவிட்டு
மாற்றலாகிப் போயிருக்கிறார்.

முழங்கால்வரை சேற்றில் நிற்கிறேன்.
ஒரு செருப்பு எங்கோ கீழே.
கோமாரிக் களப்பின் கரை,
இரண்டு ஏக்கர், மூன்று றூட், பதினொரு பேர்ச்.
அளவுநாடாவின் மறுமுனையோடு
கண்டல் வேர்களுக்குள் குனிந்து போன சிவலோகன்
ஆள் தெரியாமல் குரல் மட்டும் கொடுக்கிறான்:
"இஞ்ச நேர்கோடு ஒண்டுமில்ல மிஸ்."

வெறுமையைத் தேடினேன்.
வேருக்கும் வேருக்கும் இடையே ஒரு சாண் தண்ணீரில்
இறால் குஞ்சுகள்,
உடைந்த கண்ணாடிபோல் ஒளி ஊடுருவும் உடம்புகள்.
என் நிழல் விழுந்ததும்
எல்லாம் ஒரே பக்கம் திரும்பின.
மாரியில் முகத்துவாரம் உடைக்கும்போது
கடலுக்குப் போய்,
பிறகு பொத்துவில் சந்தையில் விலையாகித் திரும்பும்.
கிலோ என்ன விலை என்று எனக்குத் தெரியும்.
அவை வளர்ந்த வீட்டுக்கு
யாரும் ஒரு சதம் கொடுத்ததில்லை.

சேற்றில் ஒரு தடம்,
பூனையைவிடப் பெரிது, நாயைவிட நிதானம்.
கொடுப்புலி, என்றான் சிவலோகன்.
இரவு மீனுக்கு வந்திருக்கிறது.
நான் அதைக் கண்டதில்லை.
அதுவும் என் கந்தோருக்கு வந்ததில்லை.

தில்லைக் கொப்பை விலக்கியவன்
உடனே கை கழுவுகிறான்.
பால் பட்டால் கண் போய்விடும்.
இந்தக் கரையில்
தன்னைக் காக்கத் தெரிந்த மரம் அது ஒன்றுதான்.

டிசம்பர் அலையை எழுத நிரல் இல்லை.
எனக்கு அப்போது பதினொரு வயது.
கடல் களப்புக்குள் ஏறி வந்த காலையில்
இந்தக் கிளைகளில் சிக்கி நின்றவை:
எங்கள் வீட்டுக் கதவு,
ஒரு பசுமாடு, இரண்டு சைக்கிள்,
என் சித்தப்பா.
சித்தப்பா மட்டும் இறங்கி நடந்து வந்தார்.
மரம் காப்பாற்றியது என்று
சத்தியம் செய்யமாட்டேன்.
மரம் வெட்டிய பக்கம்
எத்தனை அத்திவாரங்கள் மிஞ்சின என்று
எண்ணிப் பார்த்திருக்கிறேன், அவ்வளவுதான்.

வீதியில் டிப்பர் காத்திருக்கிறது,
கிறவல் நிறைய.
இது பதினாறு லோட்டில் முதலாவது.
களப்பைப் பார்த்தபடி சாப்பிட
ஒரு விடுதி வரப்போகிறதாம்.
சாரதி ஆதம்பாவாவின் மச்சான்
இதே தண்ணீரில் நண்டு பிடித்துக் கொழும்புக்கு அனுப்புகிறவர்.
அதைப் பற்றி நானும் கேட்கவில்லை,
அவரும் சொல்லவில்லை.
வெற்றிலையை மட்டும் கொஞ்சம் வேகமாக மெல்லுகிறார்.

பென்சில் கோட்டை
விரலில் எச்சில் தொட்டு அழித்தேன்.
தாள் லேசாகக் கிழிந்தது.
குடியிருப்பு என்ற பெட்டியில்
பேனாவால் போட்டேன், அழுத்தி.
நாளைக்கு மேசைக்கு முன்னால் நிறுத்தி
"பகிடியா பிள்ளை இது?" என்று கேட்பார்கள்.
'குடியிருப்போர் விபரங்களைத்
தனித்தாளில் இணைக்கவும்' என்கிறது அடிக்குறிப்பு.
ஒரு தாள் காணாது.

"கொட்டவா மிஸ்? இருட்டப்போகுது."
"இண்டைக்கு வேணாம். மறுகா வாங்க."

மறுகா என்றால் எத்தனை நாள்?
அவருக்கும் தெரியாது, எனக்கும்.
ஒன்றும் பேசாமல் ஏறி, பின்னுக்கு எடுத்தார்.
திரும்ப இடம் போதாமல்
பின்சில்லு கரைச்சேற்றில் ஒரு சாண் இறங்கியது.
சிவலோகன் நாடாவைச் சுருட்டி வைத்தான்.
தள்ளுவதற்கு
நானும் போனேன், ஒற்றைச் செருப்போடு.