பூஜ்யத்தின் நிறம்

பூஜ்யம் கறுப்பாக இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள்.
வீடியோவின் கணக்கில்
ஒளிக்கு ஓர் எண், நிறத்துக்கு இரண்டு.
மூன்றும் சுழியானால் திரை
பாசி பிடித்த பச்சை.
பதினோரு வருடமாய் இதைப் பார்த்துத்தான் பிழைக்கிறேன்,
தரமணியில், நான்காம் மாடியில்,
ஜன்னல் திறக்காத ஒரு கட்டடத்தில்.

ஹாஜிரா வடிவமைப்பாள்; நான் உடைக்கப் பார்ப்பேன்.
படத்தைப் பதினாறுக்குப் பதினாறு கட்டங்களாய் வாங்கி,
குறைகிறதை முந்தைய படத்திடம் கடன் கேட்டு,
மறுபடி கோக்கும் அவளுடைய பிளாக்
நகத்தின் அழுக்கைவிடச் சிறியது.
அதற்குள் கடிகாரம்
நொடிக்கு நாற்பது கோடி முறை துடிக்கும்.
"அதுல ஒரு தடவ தடுமாறினா போதும்டீ உனக்கு,
போனஸ் வந்த மாதிரி மொகத்த வச்சுப்ப" என்பாள்.

டேப்-அவுட்டுக்கு ஒன்பது நாள். புயல் மழை.
பெருங்குடி சர்வீஸ் ரோட்டில் பைக்குகள் மூழ்கிக் கிடந்தன.
கேப் வராததால் யாரும் வீட்டுக்குப் போகவில்லை.
சிமுலேஷன் தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.
விடிகாலை மூன்றே முக்காலுக்கு
நான் தேடாத இடத்தில் வந்து நின்றது:
உயரம் பதினாறால் வகுபடாத படம்,
நடுவழியில் ஒரு பாக்கெட் தொலைந்தால்
அடிப்பட்டை முழுக்கப் பச்சை.
அரை நொடி. பிறகு தானே சரியாகிவிடும்.

திருத்தினால் ஆறு வாரம், என்றார் எபிநேசர்.
ஆறு வாரத்தில் ஷென்ஜெனில் எவனோ
நம் சந்தையை விற்றுத் தின்றிருப்பான்.
"எத்தன பேர் கண்ல படும்?"
"கம்மிதான்."
"பட்டா?"
"நெட்வொர்க்கைத் திட்டுவாங்க."
சிரித்தோம். பொய்யும் இல்லை அது.
தெரிந்த பிழை, விலக்கு எண் இருபத்தேழு.
கீழே என் பெயர், தேதி.
ஹாஜிரா கையெழுத்திடவில்லை.
அவளுக்கென்று அந்தத் தாளில் கட்டமும் இல்லை.

தைவான் போய், எங்கெங்கோ போய்,
ரிச்சி தெருவுக்கு வந்தது
ஆறாயிரத்துச் சொச்சம் ரூபாய் போனாக.
கடைக்காரர் கேமராவைப் பற்றி மட்டும் பேசினார்.

போன செவ்வாய், கடற்கரை போகும் பறக்கும் ரயில்.
இந்திரா நகரில் ஏறியவர்
மின்வாரியப் பையைக் கழற்றாமலே உட்கார்ந்து
போனை எதிர் இருக்கையில் சாய்த்துவைத்து
இரண்டு கையாலும் பேசத் தொடங்கினார்.
திரையில் ஒரு பெண், அவளும் கைகளால்.
சத்தமில்லாமல் ஒரு சண்டை.
இருவருக்கும் மூச்சு வாங்கியது.
அடையாற்றுப் பாலத்தின் மேல் சிக்னல் அறுந்தது.
வந்தது.
அவளுடைய மணிக்கட்டும் சில விரல்களும் பச்சைக்குள்.

இருபத்தேழு.

எழுந்துவிட்டேன். எழுந்து என்ன சொல்வது,
எந்தக் கையால்?

அவர் எதையும் திட்டவில்லை.
உள்ளங்கையைக் கிடையாக்கி
மோவாய்க்குக் கீழே ஒருமுறை மேலே தூக்கினார்,
தண்ணீர் ஏறுகிறது, பாயைச் சுருட்டு என்பதுபோல.
அவள் உடனே கைகளை நெஞ்சுக்கு மேலே உயர்த்திக்கொண்டு
விட்ட இடத்திலிருந்து சண்டையைத் தொடர்ந்தாள்.
பலமுறை புழங்கித் தேய்ந்த சைகை அது.
நான் விலக்கு என்று எழுதியதற்கு
அவர்கள் வீட்டில்
ஒரு சொல்லே இருந்தது.

மறுநாள் ஹாஜிராவிடம் செய்து காட்டினேன்.
இன்னொரு தரம், என்றாள்.
செய்தேன்.
அவள் அடுத்த சிப்பின் சோதனைப் பட்டியலைத் திறந்து
என் பக்கம் திருப்பிவைத்துவிட்டு டீ குடிக்கப் போனாள்.
முதல் வரியில் கர்சர் துடிக்கிறது.
அந்தக் கையை
எந்த எழுத்தில் தட்டுவது என்று
இன்னும் உட்கார்ந்திருக்கிறேன்.