பன்னிரண்டு தவணை

சாண்டா இஃபிஜேனியா தெருவில் சனிக்கிழமை.
குடை விற்பவனுக்கும் கேபிள் விற்பவனுக்கும்
நடுவே புகுந்து மூன்றாம் மாடி ஏறினேன்.
கையில் சுங்கச்சாவடி ரசீதுச் சுருள்,
அதன் முதுகில் பென்சிலால் என் பட்டியல்.
ஏழு முறை அழித்து எழுதியது.

வலீத் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.
"விளையாட மட்டுமா, ஒளிபரப்பவுமா?"
இரண்டும், என்றேன்.
"அப்படியானால் ஒரே அடுப்பில் இரண்டு உலை."

பிராசசருக்கு ஆறு கோர் போதும்,
எட்டு இருந்தால் நல்லது.
ஆறுக்கும் எட்டுக்கும் நடுவே
நானூறு ரெயால் கைகட்டி நின்றது.
படம் அனுப்பும் வேலையை
கிராபிக்ஸ் கார்டே தனியாகப் பார்த்துக்கொள்ளும்,
பிராசசரை எழுப்பாது என்றார்.
வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால் எப்படி இருக்கும்
என்று யோசித்தபடி
ஆறிலேயே நின்றுகொண்டேன்.

ஏழு வண்ண விளக்கெரியும் கண்ணாடிப் பெட்டியைக்
கடைப் பையன் தட்டிக் காட்டினான்.
வேண்டாம் தம்பி.
பதினொரு வருடம்
சிவப்பு, பச்சை, சிவப்பு, பச்சை.
கண்ணுக்குள் இன்னும் எரிகிறது.
முன்பக்கம் வலை போட்டது எடு,
என் கூரை தகரம்,
பிப்ரவரியில் ஈரத்துண்டுக்கே மூச்சு வாங்கும்.

விசிறி மட்டும் சத்தமில்லாததாக.
மைக் எல்லாவற்றையும் கேட்கும்:
பக்கத்து வீட்டு நாயை,
பீன்ஸ் வேகும் குக்கரை,
நான் கோபத்தை விழுங்குவதை.

பவர் சப்ளையில் மிச்சம் பிடிக்கலாம் என்றிருந்தேன்.
"உங்கள் தெருவில் மழைக்கு முன்னால்
மின்சாரம் எத்தனை முறை கண் சிமிட்டும்?"
மூன்று.
அவர் ஒன்றும் பேசவில்லை.
யானை வாங்கிவிட்டு அங்குசத்துக்குப் பேரம் பேசியவளாக
நானே கூசி
அறுநூற்றைம்பது வாட் என்று எழுதினேன்.

பிறகுதான் கார்டு.
புதியதின் விலையைப் பையன் சொன்னான்,
சரியாகக் கேட்கவில்லை போலத் திரும்பக் கேட்டேன்,
சரியாகத்தான் கேட்டிருக்கிறேன்.
வலீத் உள்ளே போய்
குமிழித்தாளில் சுற்றிய ஒன்றைக் கொண்டுவந்தார்.
"மறைக்கவில்லை. நாணயச் சுரங்கத்தில் இருந்தது.
மூன்று வருடம், இரவு பகல், அணைக்கவே இல்லை.
பாதி விலை. தொண்ணூறு நாள் கேரண்டி."

புரட்டிப் பார்த்தேன்.
இறக்கைகளின் ஓரத்தில் எண்ணெய்ப் பழுப்பு.
ஊதினேன், சுழன்றது,
ஒரு இறக்கை லேசாக முனகியது.
தூங்காமல் வேலை பார்த்ததற்காக
ஒன்றை வேண்டாம் என்று சொல்ல
எனக்கு என்ன யோக்கியதை?
எட்டாவது முறை அழித்தேன்.
விரலுக்குத் தக்க வீக்கம்,
பன்னிரண்டு தவணை.

பேருந்தில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டேன்.
கைக்குழந்தை என்று நினைத்து
ஒருவர் எழுந்து இடம் கொடுத்தார்.
உட்கார்ந்த பிறகு
என்ன சொல்வதென்று தெரியவில்லை.

முதல் இரவு திரை கறுப்பு.
இரண்டாம் இரவும்.
மூன்றாம் இரவு ரேமைக் கழற்றிக்
கட்டைவிரலால் அழுத்தினேன்:
டக்.
அவ்வளவுதான் குறை.

இப்போது வியாழன், விடுமுறை நாள்.
திரையில் நான் ஓட்டுவது
பதினெட்டுச் சக்கர லாரி.
பார்ப்பவர்கள் பதினான்கு பேர்,
பாதிப் பேர் நிஜ லாரிக்காரர்கள்,
எங்கோ டீசல் பங்கில் படுத்தபடி
என் வளைவுகளைப் பழிக்கிறார்கள்.
ஒஸ்மார் என்பவர் எழுதுகிறார்:
"இந்தக் குரல்... மூன்றாம் சாவடி ஜுசாராவா?
ஐம்பது ரெயால் நோட்டைக் கண்டால் திட்டுவீர்களே?"

பதில் சொல்வதற்குள் விளையாட்டில் ஒரு சுங்கச்சாவடி.
உள்ளே ஆளில்லை, நாற்காலிகூட வரையவில்லை.
தடுப்பு தானாக உயர்ந்தது.
வாய் பழக்கத்தில்
"நல்லிரவு, பார்த்துப் போங்க" என்றேன்
எனக்கே.

ஒரு கணம் யாரும் எழுதவில்லை.
பிறகு ஒருவர்: "சில்லறை?"
பிறகு எல்லோரும்:
சில்லறை, சில்லறை, சில்லறை.

சிரிப்பில் லாரி ஓரக் கம்பியில் உரசியது.
மேசைக்கடியில் பழைய கார்டு
முனகி வேகமெடுத்தது.
எழுபத்தொரு டிகிரி.
தாங்கும்.