நிரப்பவா?

இருநூற்றுப் பதினான்கு படங்கள்,
ஒரேயொரு பானை ஓட்டுக்கு.
சுழல்மேசையில் அதைக் கொஞ்சம் கொஞ்சமாய்த் திருப்பியதில்
என் பிறந்தநாளின் பிற்பகல் முழுவதும் போனது.
கென்னிங் மலையடிவாரத்தில்
குழாய் பதிக்கத் தோண்டியபோது கிடைத்ததாம்.
அட்டைப்பெட்டியில் வந்தது, பஞ்சுக்குள்,
இரவல் சீட்டில் மூன்று இடத்தில் கையெழுத்திட்ட பிறகு.

கணினி தைத்துத் தந்த உருவத்தில்
விளிம்புக்கு உள்ளே, வெளிச்சம் எட்டாத ஓரிடம்
ஒன்றுமில்லாமல் இருந்தது.
கறுப்புகூட இல்லை. கறுப்பும் ஒரு தகவல்தானே.
மென்பொருள் பணிவாகக் கேட்டது:
துளை உள்ளது. நிரப்பவா?

'விடு' என்றாள் ஹுவெய் ஷான்.
கண்காட்சி அவளுடையது, முதுகுவலி என்னுடையது.
'பக்கத்தில் இருப்பதைப் பார்த்து
வழவழவென்று ஒன்றை ஒட்டிவிடும்.
பிறகு எது பானை, எது ஊகம் என்று
நமக்கே தெரியாது.'

சன்னல் வழியே பார்த்தேன்.
தஞ்சோங் பகார். ஐந்தாம் மாடி.
பளுதூக்கிகள் பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தன
ஒருகாலத்தில் மீன் நீந்திய இடத்தில்.
நிரப்பவா என்று யாரோ கேட்டிருக்கிறார்கள்;
ஆம் என்பதை அழுத்தியிருக்கிறோம், பலமுறை.
மரின் பரேடில் நான் குடியிருக்கும் வீடும்
அந்த 'ஆம்'களில் ஒன்று.
குறை சொல்லவில்லை. காற்று நன்றாக வரும்.

திறப்புவிழாவுக்கு முந்தைய இரவு
ஒளிவீழ்த்தியைப் பதினைந்தடிச் சுவருக்குத் திருப்பினோம்.
துளைக்குப் பக்கத்தில்
ஈரமண்ணில் யாரோ அழுத்திய கட்டைவிரல்
ஆளுயரத்துக்கு மேல் எழுந்தது.
ரேகைகள் வளைந்து வளைந்து
துளையின் ஓரத்தில் வந்து நின்றன,
பேச்சை யாரோ இடைமறித்ததுபோல.

சுவருக்கு வண்ணம் அடித்த இருளப்பன்
வருகைப்பதிவுக் கருவியில் விரல் வைத்தார்.
சிவப்பு.
சட்டையில் துடைத்து வைத்தார். சிவப்பு.
பதினோரு வருடச் சிமெண்டு
தின்றது போக மிச்சமிருந்ததை
எச்சில் தொட்டு நான்காம் முறை வைத்தபோது
மனமிரங்கிப் பச்சை காட்டியது.

பையை மாட்டிக்கொண்டு
சுவரை நிமிர்ந்து பார்த்தார்.
'யாரு இது?'
தெரியாது, எழுநூறு வருடமிருக்கும் என்றேன்.
'ரேகை சுத்தமா விழுந்திருக்கு' என்றார்.
பிறகு, மின்தூக்கிக் கதவைக் காலால் தடுத்தபடி:
'உள்ளே வந்ததுக்கு மட்டும்தான் இருக்கு.
ஆளு இன்னும் வெளியே போகலை.'